92 வயசு வாத்தியார் தாத்தா, ஒரு சேர்க்கைப் பதிவேடு, 411 உருப்படி: என்ன செய்யலாம்?

#1 பாமணிக்கரை (ஜூன் 23, 2024)

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவ நான். முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

மன்னார்குடிக்குப் பக்கத்துல எங்க ஊர். அம்மாவோட அப்பா 1932-ல பொறந்தவர், தொடக்கப்பள்ளி வாத்தியார். 1953 ஜூன்ல வேலைக்குச் சேர்ந்து, 1990-ல தலைமையாசிரியரா ஓய்வு. சம்பளம் வாங்கினது 37 வருஷம், பென்ஷன் இதுவரைக்கும் 34. “இன்னும் மூணு வருஷம் ஓட்டிட்டா கணக்கு நேராயிடும்”னு வருஷா வருஷம் மஸ்டரிங் (பென்ஷன்காரர் உயிரோட இருக்கார்னு சரிபார்க்கிறது) முடிச்சுட்டு வந்து சொல்லுவார்.

அவருக்கு ரெண்டு பைத்தியம். ஒண்ணு பழைய சாமான், இன்னொண்ணு தோட்டம். கூடம் முழுக்க மரக்கால், படி, உழக்கு, வீசைக்கல், தராசு, காசு, பூட்டு, மை புட்டி, ஓலைச்சுவடி. கொல்லையில முக்கால் ஏக்கர் மரமும் கொடியும்.

போன மாசம் பாத்தி மேட்டுல வழுக்கி விழுந்துட்டார். இடுப்பு தப்பிச்சது, வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. ஆடி பொறக்கப் போகுது, பாத்தி போடணும்னு இடது கையில களைக்கொத்தியோட நிக்கிறார். சித்தி சென்னை ஃபிளாட்டுக்கு வரச் சொல்றாங்க. அமெரிக்காவுல இருக்குற மாமா, பாட்டி வீட்டுச் சீரா வந்த குத்துவிளக்க அனுப்பச் சொல்றார். எடைக்கு எடுக்குற பழைய பாத்திரக்காரர் ஒருத்தர் ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டார்.

சாமான்களைப் படம் எடுக்கலாம்னு பீரோவைத் திறந்தப்பதான் அந்தப் பதிவேடு கிடைச்சது. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு மாதிரியே கட்டம் போட்ட நோட்டு. பிள்ளைங்க பேர் எழுதுற இடத்துல சாமான் பேர். ‘பெற்றோர் / பாதுகாவலர்’ கட்டத்துல அதைக் குடுத்தவங்க. ‘முன்பு பயின்ற பள்ளி’ கட்டத்துல அது இருந்த இடம். செடி கொடிக்கும் அதே நோட்டு, அதே வரிசை எண். ரெண்டு உதாரணம் அப்படியே எழுதுறேன்:

“சேர்க்கை எண் 17. மரக்கால், இரும்புப் பூண் இரண்டு. பாதுகாவலர்: கடைத்தெரு நெல் வியாபாரி. முன்பு பயின்றது: அவர் கடை வாசல். காரணம்: லிட்டர் வந்துவிட்டது.”

“சேர்க்கை எண் 203. மனோரஞ்சிதம். பாதுகாவலர்: தபால்காரர். 16-11-2018 கஜா புயலில் இடைநிற்றல். 2019 தை, மறுசேர்க்கை.”

யாருக்காவது எதையாவது குடுத்திருந்தா சிவப்பு மையில “மா.சா. வழங்கப்பட்டது”. மாற்றுச் சான்றிதழாம்! மொத்தம் 411 எண். வருஷா வருஷம் பொங்கலன்னிக்கு நோட்டைக் கையில வெச்சுக்கிட்டு வீடு, கொல்லை ரெண்டையும் ஒரு சுத்து சுத்துவார். பொங்கல் பானையைப் பாக்காம எங்க போறார்னு சின்ன வயசுல நினைப்பேன். வருகை எடுத்திருக்கார்.

இப்ப என் கேள்வி. இதையெல்லாம் என்ன பண்றது? விக்கிறதா, குடுக்கிறதா, எங்க, எப்படி? தாத்தா நல்ல நினைவோட இருக்கார், ஆனா யார் கேட்டாலும் “பார்ப்போம்”னு ஒத்த வார்த்தைதான்.

#2 தகரப்பெட்டி

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்த நோட்டைப் பக்கம் பக்கமாப் படம் எடுத்து ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க. சாமானுக்கு அப்புறம் வாங்க.

நான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருபது வருஷமா ஏறி இறங்குறவன். அங்க செட்டிநாட்டு வீடுங்கள்ல இருந்து வந்த எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மரத்தூண் எல்லாம் கிடைக்கும். எது எந்த வீட்டுது, யார் கல்யாணத்துக்கு வந்ததுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. லாரியில வர்றப்பவே அது அத்துப்போயிடும். உங்க தாத்தா வெச்சிருக்குற மாதிரி, குடுத்தவர் பேரும் இருந்த இடமும் காரணமும் சேர்ந்து எழுதின தனியார் சேகரிப்பு ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல. “காரணம்: லிட்டர் வந்துவிட்டது.” இந்த ஒத்த வரிக்காகவே அந்த மரக்காலை நான் வாங்குவேன்.

மரக்கால் விளிம்புல முத்திரை ஏதாவது குத்தியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.

#3 எதிர்க்கட்சி

எல்லாரும் நோட்டுப் புராணம் பாடுறதுக்கு முன்னாடி: அந்த மனுஷனுக்கு வயசு 92. கை ஒடைஞ்சிருக்கு. அவரை யாரு பாத்துக்கிறாங்க? 411 சாமானைத் துடைக்கிறது யாரு, முக்கால் ஏக்கருக்குத் தண்ணி விடுறது யாரு? இந்த மாதிரி ‘கலெக்‌ஷன்’ வெச்சிருக்குற எல்லா வீட்டுலயும் பின்னாடி ஒரு பொம்பளை முதுகு ஒடிய வேலை பாத்துட்டிருப்பாங்க. வித்துட்டு, அந்தக் காசுல நல்ல ஆள் போட்டு அவரைக் கவனிங்க. பித்தளைக்கு வலிக்காது.

#4 பாமணிக்கரை

@எதிர்க்கட்சி, கோவம் வந்தது. அப்புறம் யோசிச்சேன், நீங்க சொன்னதுல பாதி சரி. பாட்டி இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம புளியும் சாம்பலும் போட்டு எல்லாப் பித்தளையையும் தேய்ச்சது அவங்கதான். அம்பது வருஷம். இப்ப அம்மா, அவங்களுக்கே 64. பதிவேட்டுல பாட்டி பேரைத் தேடினேன். அடுக்களைச் சாமான் முப்பத்துச் சொச்சம் எண்ணுக்குப் ‘பாதுகாவலர்: வீட்டார்’னு இருக்கு. தபால்காரருக்கும் நெல் வியாபாரிக்கும் தனித்தனிக் கட்டம். பாட்டிக்கு ‘வீட்டார்’.

@தகரப்பெட்டி அண்ணே, விளிம்புல ஏதோ குத்து இருக்கு, தேஞ்சு போயிருக்கு. சாயங்காலம் வெளிச்சத்துல பாக்குறேன்.

#5 செப்புக்காசு

புளி போட்டுத் தேய்க்கிறதை இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க. பாத்திரம் போகட்டும், காசைத் தொடவே கூடாது. மேல படிஞ்சிருக்குற பச்சை, கறுப்புத் தோல்தான் அதுக்குப் பாதுகாப்பு. பளபளன்னு தேய்ச்ச செப்புக்காசுல எழுத்தும் போயிடும், மதிப்பும் போயிடும். காத்தாட, ஈரம் இல்லாத இடத்துல காகித உறையில தனித்தனியாப் போட்டு, உறை மேல சேர்க்கை எண் எழுதுங்க. மெல்லிசான பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துக் கெடுக்கும்.

காசு என்னென்ன இருக்கு?

#6 பாமணிக்கரை

அம்பதுக்கு மேல இருக்கு. அணா, காலணா, ஓட்டைக் காலணா, நயா பைசா. பதிவேட்டுல காசுக்கான மொத எண் 3, வருஷம் 1957. அந்தக் கதையைத் தாத்தா நேத்துதான் சொன்னார்.

1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்தது. அதுக்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா. மாத்துக் கணக்குல ஓரணாவுக்கு ஆறு நயா பைசா, நாலணாவுக்கு இருபத்தஞ்சு. அவர் வகுப்புல ஒரு பையன் நாலு ஓரணாவை ஒவ்வொண்ணாக் கடையில குடுத்து மாத்தியிருக்கான், கையில 24-தான் வந்திருக்கு. “ஒரு பைசா எங்க சார் போச்சு?”ன்னு வந்து நின்னானாம். தாத்தா அந்த நாலு அணாவையும் தன் காசு குடுத்து வாங்கி, மேசை மேல வெச்சு, அன்னிக்குப் பூரா அந்த ஒரு பைசாவைத் தேடுறதுதான் பாடம். காசுச் சேகரிப்பு அதுலதான் ஆரம்பிச்சதாம். “நான் பழைய பொருள் சேர்க்கலம்மா. கணக்கு நடத்த சாமான் வேணும், அரசாங்கம் குடுக்கல, கடைக்காரன் தூக்கிப் போட்டான், எடுத்துக்கிட்டேன்”ங்கிறார்.

அளவையும் அப்படித்தான். புத்தகத்துல லிட்டரும் கிலோவும் வந்துடுச்சு, களத்துல இன்னும் மரக்கால்தான். பிள்ளைங்க ரெண்டுக்கும் நடுவுல முழிச்சிருக்காங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம்னு தண்ணியை ஊத்தி ஊத்தி அளந்து காட்டுவாராம். வகுப்பு முடிஞ்சதும் அந்தத் தண்ணி வாசல்ல இருந்த வேப்பங்கன்னுக்கு. தோட்டப் பைத்தியம் அங்கேருந்துன்னு நினைக்கிறேன்.

#7 ஆடிப்பட்டம்

அம்மிணி, எங்கூர் கோபிங்க. தோட்டத்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கலியே, நான் கேக்குறேனுங்க.

கஜாவுல இடைநின்ற மனோரஞ்சிதம் மறுசேர்க்கை ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. எப்படிங்க பண்ணினாரு? வெட்டி நட்டா அது சீக்கிரத்துல வேர் புடிக்காதே. அப்புறம் விதை ஏதாச்சும் வெச்சிருக்காருங்களா?

#8 மாடித்தொட்டி

எனக்கும் தெரியணும். விதைப் பட்டியல் ப்ளீஸ்!

#9 பாமணிக்கரை

கஜா அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். நடுராத்திரிக்கு மேல காத்து. விடிஞ்சு கொல்லைக் கதவைத் தொறந்தா ஆகாசம்தான் தெரியுது. பலா வேரோட, மூணு தென்னை நடுவுல முறிஞ்சு, கொடுக்காப்புளி கிணத்து மேல. பத்து நாளைக்கு மேல கரண்ட் இல்ல. தாத்தாவுக்கு அப்ப 86. ஒரு வார்த்தை பேசல. திண்ணையில உக்காந்து பதிவேட்டுல வரிசையா ‘இடைநிற்றல்’ எழுதினார். 61 எண். கை நடுங்கினது எழுத்துலயே தெரியுது, “16-11-2018” ஒவ்வொரு வரியிலயும் ஒவ்வொரு கோணம்.

மனோரஞ்சிதம் சாஞ்சு கிடந்தது, ஆனா ஒரு பக்க வேர் மண்ணை விடல. அதை நிமிர்த்த வேண்டாம்னுட்டார். தரையில பட்டுக்கிட்டிருந்த ஒரு கிளையோட அடிப்பட்டையை லேசாச் சீவி, மண்ணைப் போட்டு மூடி, மேல ஒரு செங்கல்ல அழுத்திட்டார். தினம் ஒரு செம்பு தண்ணி. தை மாசம் மண்ணைக் கிளறிப் பாத்தா வெள்ளையா வேர். வெட்டி எடுத்து வேற எடத்துல வெச்சார். ‘மறுசேர்க்கை’ எழுதினது அன்னிக்கு. போன வருஷம் பூத்தது, சாயங்காலம் வீடு பூரா பழ வாசனை.

விதை: சுரைக்குடுக்கையில மூக்குத்தி அவரை, பழுபாகல், நாட்டு வெண்டை, சிறகவரை, கொத்தவரை. கத்திரி விதையைச் சாம்பல்ல பிசைஞ்சு வறட்டி மாதிரி சுவத்துல தட்டி வெச்சிருக்கார். ஒவ்வொண்ணுக்கும் பதிவேட்டுல எண் உண்டு. யாரு வந்து விதை கேட்டாலும் ஒரு நிபந்தனை: ரெண்டு குடுத்தா நாலு திருப்பணும். இது தாத்தாவோட சொந்தச் சரக்கு இல்ல. திருத்துறைப்பூண்டியில, பாரம்பரிய நெல் விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் நடத்தின நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ விதைநெல் வாங்கினா அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பிக் குடுக்கணும். தாத்தா அங்க போயிட்டு வந்து அதை அப்படியே காய்கறிக்குப் புடிச்சுக்கிட்டார். கஜா அடிச்சு மூணே வாரத்துல, 2018 டிசம்பர் 6-ம் தேதி, ஜெயராமன் இறந்துட்டார். அந்தத் தேதிக்கு எதிரா பதிவேட்டு ஓரத்துல ஒரு வரி: “இன்று விடுமுறை.”

#10 ஆடிப்பட்டம்

செங்கல் வெச்சு அழுத்துறது நல்ல வேலைங்க. நாங்க கவட்டைக் குச்சி அடிப்போம்.

ஒரு சின்னத் திருத்தம்: மூக்குத்தி அவரைன்னு பேருதானுங்க, அது அவரைக் குடும்பமே இல்ல. சர்க்கரைவள்ளிக்குச் சொந்தம். பூ உதுந்தப்புறம் காம்பு தடிச்சு மூக்குத்தி கணக்கா வரும் பாருங்க, அதைத்தான் பொரியல் பண்றது. தாத்தா எந்த வரிசையில சேத்திருக்காருன்னு பாத்துச் சொல்லுங்க, சும்மா ஆசைக்கு.

#11 பாமணிக்கரை

அடேயப்பா. எண் 288. “மூக்குத்தி அவரை. (பெயர் தவறு. குடும்பம் வேறு. பெயர் மாற்றக் கெஜட் வேண்டும்.)”

#12 ஆடிப்பட்டம்

கையெடுத்துக் கும்புடுறேனுங்க.

#13 கனவுலகம்77

ஓட்டைக் காலணா இருந்தா விக்காதீங்க மேடம். வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காயினுக்கே லட்சக்கணக்குல தர்றாங்க, வீடியோ இருக்கு. பதிவுக் கட்டணம் மட்டும் மொதல்ல கட்டணும். தொடர்புக்கு

*[நெறியாளர்: மீதி நீக்கப்பட்டது. 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி இந்த மோசடி பற்றி எச்சரித்துவிட்டது. பழைய காசு வாங்க விற்க ரிசர்வ் வங்கி யாரையும் நியமிக்கவும் இல்லை, கட்டணமும் வாங்குவதில்லை. யாரும் பணம் கட்ட வேண்டாம்.]*

#14 மாயூரத்தான்

பதிவேட்டுல செடியும் கல்லும் ஒரே வரிசையில வர்றதைப் பாத்ததும் எங்க பக்கத்துச் சங்கதி ஒண்ணு ஞாபகம் வந்தது. தெரிஞ்சவங்க பொறுத்துக்கணும்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்துல செம்பியன் கண்டியூர். 2006-ல அங்க ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக் கொல்லையில வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டினார். மண்வெட்டியில கல்லுக் கோடாரி தட்டுப்பட்டது. வேற யாராவது இருந்தா வேலிப் பக்கம் வீசியிருப்பாங்க. இவர் எடுத்துத் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகக் காப்பாட்சியரா இருந்த நண்பர்கிட்ட குடுத்தார். அவர் வழியாத் தொல்லியல் துறைக்குப் போய், கடைசியில கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கைக்கு வந்தது. கோடாரி மேல நாலு குறி, சிந்துவெளிக் குறிகள், முதல் ரெண்டை ‘முருகன்’னு படிக்கலாம்னு அவர் சொன்னார். நாடே பேசிச்சு. எல்லா ஆய்வாளரும் ஏத்துக்கலங்கிறதையும் சொல்லிடணும், கீறல் எழுத்தா இல்லையாங்கிற சண்டை இன்னும் ஓயல. ஆனா பிறகு அந்த ஊர்ல அரசுத் தொல்லியல் துறை அகழாய்வே நடத்தினது.

கீழடியும் இந்த மாதிரிதான். 1970-கள்ல அங்க கிணறு வெட்டுறப்ப வந்த சாமான்களைப் பிள்ளைங்க மூலமாத் தெரிஞ்சுக்கிட்டுச் சேத்து வெச்சு, துறைக்குச் சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி வரலாற்று ஆசிரியர் பாலசுப்பிரமணியம். மத்தியத் தொல்லியல் துறை அங்க தோண்ட ஆரம்பிச்சது 2015-ல! நாப்பது வருஷத்துக்கு அப்புறம்.

வாத்தியார்களுக்கு இது ஏன் வாய்க்குதுன்னா, ஊர்ப் பிள்ளைங்க கால்சட்டைப் பையில இருக்குறது எல்லாம் அவங்க மேசைக்குத்தான் வந்து சேரும். எல்லா வாத்தியாரும் அதைக் குப்பைக்கூடையில போட, ஒருத்தர் மட்டும் “எங்கடா எடுத்த?”ன்னு கேக்குறார். பாமணிக்கரை, உங்க தாத்தா பதிவேட்டுல மண்ணுக்குள்ள இருந்து வந்தது ஏதாவது இருக்கா?

#15 பாமணிக்கரை

இருக்கு. மூணு காசு. எண் 88, 89, 131. ‘பாதுகாவலர்’ கட்டத்துல பையன்களோட பேரும் வகுப்பும். 88-க்கு: “1971, நான்காம் வகுப்பு. முன்பு பயின்றது: வாய்க்கால் தூர்வாரிய மண். ஆற்றிலிருந்து நாலாவது மடைக்குக் கிழக்கே.” செம்புக்காசு. ஒரு பக்கம் ஒருத்தர் நிக்கிறார், இன்னொரு பக்கம் உக்காந்திருக்கார், கை கிட்ட ஏதோ வடக்கத்தி எழுத்து. 131 சின்னது, ஆங்கில வி மேல ஓ-வும் சி-யும் கோத்த மாதிரி இருக்கு.

#16 செப்புக்காசு

88 சோழர் காசு. நிக்குற அரசன், உக்கார்ந்த உருவம், நாகரியில ‘ஸ்ரீராஜராஜ’ன்னு இருக்கும். ராஜராஜன் காசு டெல்டாவுல அரிது இல்ல, பெரிய விலையும் கிடையாது. ஆனா “நாலாவது மடைக்குக் கிழக்கே”ங்கிறதுக்கு விலையே இல்ல. என்கிட்ட இதே காசு பதினொண்ணு இருக்கு, ஒண்ணுகூட எங்க கிடைச்சதுன்னு தெரியாது. பதினொண்ணும் வெறும் செம்பு.

131 டச்சுக் கம்பெனிக் காசு. அவங்க நாகப்பட்டினத்துல இருந்தவங்க, உள்ளூருக்கு அது வந்ததுல ஆச்சரியம் இல்ல.

#17 எதிர்க்கட்சி

நான் வில்லன்தானே, சொல்லிடுறேன். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம்னு ஒண்ணு இருக்கு. மண்ணுக்குள்ள இருந்து பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். பெரிய வாத்தியார் 53 வருஷமா வெச்சிருக்கார்.

மாமாவுக்கு: 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சுவடி, ஆவணம்னா 75 வருஷமே போதும். சிலை, ஓவியம் மாதிரி வகைகளைப் பதிவும் பண்ணிக்கணும். விளக்கு எந்த வருஷம்?

#18 பாமணிக்கரை

விளக்கோட பாதத்துல பேர் வெட்டியிருக்கு. புள்ளி புள்ளியா உளியால குத்தினது. பாட்டியோட அம்மா பேரோட முதலெழுத்து ரெண்டு, கீழ ‘1911’. கடைசி ரெண்டு ஒண்ணுக்கும் நடுவுல கொல்லர் கை சறுக்கினதுபோல, ஒரு புள்ளி வெளிய போயிருக்கு. சின்ன வயசுல அதைத்தான் பொட்டுன்னு சொல்லித் தடவிட்டிருப்பேன்.

113 வருஷம். அப்ப மாமாவுக்கு இல்ல. வாட்ஸப்புல சட்டத்தை அனுப்பிட்டேன். நீலக் குறி வந்தது, பதில் வரல.

#19 நல்லூரான்

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். எங்கட அம்மப்பாவும் வாத்தியார்தான், ஊரில ‘மாஸ்டர்’ எண்டுதான் சொல்லுவினம். அவரிட்டயும் கொத்து, சுண்டு எண்டு அளவைச் சாமான், சுவடி, பழைய கடிதம் எல்லாம் ஒரு அலுமாரி நிறைய இருந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிடேக்க ஒண்டும் எடுக்கேலாமப் போச்சு. திரும்பி வரேக்க அலுமாரி இருந்தது, உள்ளுக்க ஒண்டும் இல்லை. வளவில கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் அப்பிடியே நிண்டது, காய்ச்சும் கிடந்தது.

உங்கட தாத்தா செடியையும் சாமானையும் ஒரே கொப்பியில எழுதி வைச்சது எனக்கு நல்லா விளங்குது. எது மிஞ்சும் எண்டு ஆருக்குத் தெரியும். கொப்பியைப் படம் எடுக்கச் சொன்ன அண்ணையின்ர சொல்லைத் தட்டிப் போடாதேங்கோ.

#20 தகரப்பெட்டி

நல்லூரான் அண்ணே…

சுவடி விஷயம் யாரும் இன்னும் சொல்லல. எத்தனை கட்டு? கட்டை அவுத்துப் பிரிக்காதீங்க, ஒட்டிக்கிட்ட ஏடு உடைஞ்சிடும். தண்ணி ஆகவே ஆகாது. சுத்தம் பண்ணி, எலுமிச்சைப்புல் தைலம் தடவி, மறுபடி மையேத்துறதைத் தெரிஞ்சவங்கதான் செய்யணும். தஞ்சாவூர்லயே சரசுவதி மகால் இருக்கு, தமிழ்ப் பல்கலைக்கழகத்துல ஓலைச்சுவடித் துறை இருக்கு. அவங்ககிட்ட குடுத்துட்டு, படியெடுத்துக் கேளுங்க. வீட்டுல வெச்சு என்னத்துக்கு, பூச்சிக்குப் படையலா?

#21 பாமணிக்கரை

நாலு கட்டு. எண் 12-க்குக் காரணம்: “பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட வந்ததைப் படித்துறையில் தடுத்தது.” சுத்தி வசம்பு வெச்சிருக்கார்.

இன்னிக்குப் பூரா உங்க பதிவெல்லாம் அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். கஜாவை, விதையை எல்லாம் பேசாம கேட்டுக்கிட்டார். ‘எதிர்க்கட்சி’ எழுதினதை மட்டும் ரெண்டாந்தடவை வாசிக்கச் சொன்னார். “யாரும்மா இது, இன்ஸ்பெக்டர் மாதிரி கேக்குறான்? சரியாத்தான் கேக்குறான்”னார். அப்புறம், “முதுகு ஒடிஞ்சது யாருக்குன்னு கேட்டானே, அதை எங்கிட்ட யாரும் கேட்டதில்ல”ன்னார்.

#22 எதிர்க்கட்சி

என்ன சொல்றதுன்னு தெரியல. அவர் கை சீக்கிரம் கூடட்டும்.

#23 பாமணிக்கரை (ஜூலை 21, 2024)

தாமதத்துக்கு மன்னிக்கணும். நடந்தது இது.

மாவுக்கட்டு பிரிச்சாச்சு. சென்னைக்குப் போகல. சித்தி வந்து ஒரு வாரம் இருந்து சண்டை போட்டுப் பாத்துட்டு, கடைசியில கொல்லைப் படிக்குக் கைப்பிடிக் கம்பியும், பாத்தி ஓரமா வழுக்காத செங்கல் நடைபாதையும் போட ஆள் வெச்சுட்டுப் போனாங்க. அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஒரு அக்கா வர்றாங்க, சம்பளம் தாத்தா பென்ஷன்லேருந்து. தொண்ணூறு வயசுக்கு மேல நாப்பது சதவீதம் கூடுதல் பென்ஷன் வருதே, “அது எனக்கு எதுக்கு, எண்ணெய் வெச்சுக் குளிக்கவா”ன்னார்.

அளவைச் சாமான் எல்லாம் அவர் வேலை பாத்த பள்ளிக்கூடத்துக்குப் போயிடுச்சு. தாத்தாவே ஆட்டோவுல வந்தார். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களை உக்கார வெச்சு, வாளியில தண்ணி வெச்சுக்கிட்டு, ஆழாக்கு, உழக்கு, உரின்னு ஊத்திக் காட்டினார். இடது கை, பாதி தரையில. எட்டாவது நாழிக்கு மரக்கால் நிரம்பல. ஒரு பொண்ணு எந்திரிச்சு, “தாத்தா, நீங்க கீழ சிந்துனீங்கள்ல, அதையும் கணக்குல எடுக்கணும்”னுச்சு. அவருக்கு வந்த சிரிப்பு, புரையேறி ரெண்டு நிமிஷம் எல்லாரும் பயந்துட்டோம். விளிம்புல இருந்தது முத்திரைதான் தகரப்பெட்டி அண்ணே, வருஷம் தேஞ்சுபோச்சு, கிரீடம் மட்டும் தெரியுது.

மூணு காசையும், நாலாவது மடை எதுன்னு தாத்தாவே வரைஞ்ச படத்தோட, மனு எழுதி அருங்காட்சியகக் காப்பாட்சியர்கிட்ட ஒப்படைச்சாச்சு. மனுவுல “கால தாமதத்திற்கு வருந்துகிறேன், 53 ஆண்டுகள்”னு எழுதியிருந்தார். காப்பாட்சியர் அதைப் படிச்சுட்டு எழுந்து நின்னுட்டார். சுவடி நாலு கட்டும் தஞ்சாவூர் போகுது, அடுத்த வாரம்.

விளக்கு அம்மாவோடது. யாரும் பேச்சு எடுக்கல. அம்மா அதைத் தூக்கி அவங்க அறையில வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். மறுநா காலையில பதிவேட்டுல பாத்தேன். அடுக்களைச் சாமான் எண்ணுக்கெல்லாம் ‘வீட்டார்’ங்கிறதை அடிச்சுட்டு, பாட்டி பேரை இடது கையெழுத்துல எழுதியிருக்கார். முப்பத்து நாலு தடவை. மேற்படின்னு ஒரு கோடு இழுத்திருக்கலாம், இழுக்கல.

மாமா இன்னும் பேசல.

விதை கேட்டவங்களுக்கு: ஆடி பொறந்துடுச்சு, சீக்கிரம். செய்தியெல்லாம் ஆகாதாம், தபால் கார்டுல எழுதிக் கேக்கணுமாம், எழுத்துப்பிழை இருந்தா விதை கிடையாதாம். முகவரி தனிமடல்ல தர்றேன்.

#24 ஆடிப்பட்டம்

கார்டு வாங்கத் தபாலாபீஸ் போயிட்டிருக்கேனுங்க. ‘பழுபாகல்’ல எந்த ழு/லு/ளு-ன்னு மட்டும் உறுதியாச் சொல்லிடுங்க அம்மிணி.

#25 பாமணிக்கரை

நான் எழுதியிருக்குறதுதான் அவர் எழுதியிருக்குறது :)

#26 எதிர்க்கட்சி

எனக்கும் முகவரி அனுப்புங்க. மூக்குத்தி அவரை. தோட்டம் கிடையாது, மூணாவது மாடி பால்கனிதான்.

#27 மாடித்தொட்டி

நானும் அதைத்தான் கேக்க வந்தேன். பைல வருமா அது?

#28 ஆடிப்பட்டம்

வருமுங்க. பெரிய பையா வெச்சுக்கோங்க, விதை தோல் கெட்டி, ஒரு ராத்திரி தண்ணியில ஊறட்டும். கயிறு கட்டி விட்டீங்கன்னா மேல்வீட்டு பால்கனிக்கும் ஏறிரும், சாயங்காலத்துலதான் பூ விரியும். மேல்வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே சொல்லி வெச்சுக்கோங்க.